தவளை கேட்டது நான், பதில் அண்ணைக்கு

இன்று கணவரோடு கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தூண்டில் கடைக்குப் போனேன். சனிக்கிழமை, நான் முன்பின் பார்த்திராத ஓர் ஏரியில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன். எந்த ரப்பர் இரை சரிவரும் என்று கேட்க வேண்டும்.

கடையில் நின்றவர் தமிழர். சந்தோஷமாகக் கேட்டேன்.

"தம்பி, கரையெல்லாம் பாசியாம். இந்த வெயிலுக்கு மீன் அதுக்குள்ளதான் நிக்கும். ரப்பர் புழு கொண்டு போறதோ, ரப்பர் தவளையோ?"

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அண்ணை, பாசியெண்டால் தவளைதான். சிக்குப்படாது."

"தண்ணி தெளிவோ கலங்கலோ தெரியாது. என்ன நிறம் எடுக்கிறது?" இதையும் நான்தான் கேட்டேன்.

"கறுப்பு ஒண்டு, பச்சை ஒண்டு எடுங்கோ அண்ணை."

அண்ணை பாவம், மீனைக் கறிச்சட்டியில் மட்டுமே சந்தித்தவர். "தம்பி, நான் கார் ஓடிக்கொண்டு வந்தனான். மீன் பிடிக்கிறது இவ," என்றார்.

அப்போதுதான் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடியோ அக்கா! பிங்க் கலரிலையும் தவளை இருக்கு, காட்டட்டோ?"

ஏன், தூண்டிலைப் பிடித்திருப்பது யாரென்று பார்த்துவிட்டா பாஸ் கடிக்கிறது?

கறுப்பும் பச்சையும் வாங்கி வந்துவிட்டேன். எதை முதலில் போடலாம்? தெரிந்த பெண்கள் சொல்லுங்கள். ஆண்கள் மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.