எடை பார்க்கச் சொன்ன சிஸ்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஜோகுபாளையத்தில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் அந்த சிஸ்டரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. யார் என்ன சொன்னாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நம்ப மாட்டார். ஊசி போட்டதும் தடுப்பூசி கார்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் தருவார். எனக்கும் அவர்மேல் நம்பிக்கையில்லை.

மகளுக்குத் தட்டம்மை ஊசி போடப் போன அன்று எங்கள் வாடகை வீட்டு ஓனரம்மாவும் அதே ஊசிக்குப் பேரனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“முட்டை சாப்பிட்டு குழந்தைக்கு எப்பவாவது உடம்புல தடிப்பு வந்திருக்கா?” என்று சிஸ்டர் கேட்டார்.

ஊசிக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஜாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்றே நினைத்தேன். சுத்த சைவம் என்று ஓனரம்மாவிடம் சொல்லித்தான் அவர் வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம்.

“நாங்க முட்டையே தொடறதில்ல சிஸ்டர்.”

“எடை பார்க்கணும், உள்ள வாங்க” என்றார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

“இப்ப சொல்லும்மா. இந்த மருந்தை முட்டைக்குள்ள இருக்கிற கோழிக்கருவோட செல்லுல வளர்த்துப் பண்றாங்க. முட்டை ஒத்துக்காத குழந்தைக்கு இதுவும் ஒத்துக்காம போகலாம்.”

கோலாரில் அம்மா வீட்டில் அரை முட்டை தின்று மகளுக்கு உதடு வீங்கியதைச் சொன்னேன். டாக்டரே வந்து பார்த்து ஊசி போட்டார். எங்களை மட்டும் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். சிஸ்டர் அடிக்கடி வந்து மகளின் கவுனைத் தூக்கிப் பார்த்தார்.

அடுத்து ஓனரம்மாவையும் பேரனுக்கு எடை பார்க்கக் கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. திரும்பி வந்தவர், கொழுகொழு பேரனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எடை கம்மியாம். ஒரு மணி நேரம் இருக்கணுமாம்.”

“எங்களுக்கும் அதேதாம்மா” என்றேன்.