முப்பதாயிரத்து முப்பத்தொன்று

எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் பென்சில். கிழிக்கும் டிக்கெட்டின் எண்ணை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களால் வகுத்துப் பார்ப்பார். பதிமூன்றோடு நிறுத்திவிடுவார். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும்.

மனைவி இறந்து பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர், அவளுடைய மரணப் பத்திரத்தை என்னிடம் நீட்டினார். எண் 30031.

“பதிமூனு வரைக்கும் போட்டுட்டேன் சார். எதால வகுத்தாலும் ஒன்னு மிஞ்சுது. அவ எங்கயோ இருக்கா லா.”

நான் தினமும் அந்த பஸ்ஸில் போகும் கணக்கு வாத்தியார். “வீட்ல போட்டுப் பாக்குறேன் அண்ணே” என்றேன்.

மாலையில் பதினேழிலிருந்து தொடங்கினேன். ஐம்பத்தொன்பதில் மீதியே இல்லாமல் போய்விட்டது. நான்கு முறை சரிபார்த்தேன்.

மறுநாள் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்தீங்களா சார்?”

“பாத்தேன் அண்ணே. ஒன்னு மிஞ்சுது.”

நான் நீட்டிய பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் எந்த ஸ்டாப்பும் வந்திருக்காது. பிறகு ஏன் பதிமூன்றோடு நிறுத்தினார்?