அப்பா சொன்ன லாபம்

முப்பத்தாறு வயதில் என் அப்பா என்னைவிட வசதியாக இருந்தார் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு சொல்.

அப்பா கூலிக்காரர். கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அறுப்பு, களத்து வேலை, கரும்பு வெட்டு, எது கிடைத்தாலும் போவார். கூலி நெல்லாகத்தான் வரும். பொழுது சாயும்போது அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வருவார். அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "இன்னாங்க, இன்னிக்கி இன்னா கூலி?" அப்பா லேசாகக் கனைத்துவிட்டு, "லாபம்" என்பார்.

அவ்வளவுதான். அம்மா தலையாட்டிக்கொள்வாள். அன்றைக்கு அவளுக்கு விரதம். எனக்கும் அப்பாவுக்கும் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். லாபம் வந்ததற்குச் சாமிக்கு நன்றியாக விரதம் இருக்கிறாள் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எனக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டிய தேவை அதற்குப் பிறகு வரவில்லை.

எனக்கு முப்பத்தாறு ஆனபோது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி மில்லில் எடை போடுகிறவன். சனிக்கிழமை தோறும் சம்பளம். வீட்டுக்கு ஓடு போட்டிருந்தேன். ஒரு குண்டு பல்பு, ஒரு டிரான்சிஸ்டர், என் மனைவிக்கு ஒரு தையல் மெஷின். இத்தனை இருந்தும், "இந்த வயசுல எங்க அப்பா தெனம் லாபம் பாத்தவரு" என்று அடிக்கடி சொல்வேன். மனைவி விட மாட்டாள்.

"அத்தன லாபம் பாத்தாரே உங்க அப்பாரு, அதுல எனக்கு ஒரு கம்மலாவது வாங்கி வச்சிட்டுப் போனாரா?"

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சுவரெல்லாம் எழுத்து, ஊருக்கு ஊர் கூட்டம். ஒரு கட்டத்தில் ரோட்டை மறித்தார்கள். ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. லாரி நின்றது. மரம் விழுந்ததில் கம்பி அறுந்து கரண்ட்டும் போயிற்று. எது நியாயம், எது இல்லை என்று டீக்கடைகளில் பேசாதவர்கள் இல்லை. எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது சத்தம் போன விதம்தான். கல்வராயன் மலை அதே இடத்தில் இருந்தது. ஆனால் இரண்டடி முன்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. உட்கார மரமில்லாத காக்கைகள் ரோட்டில் நடந்துகொண்டிருந்தன.

மில் ஓடவில்லை. குடோனில் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் நான் நடந்தே போய் வந்தேன். இரண்டரை மணி நேர நடை. விழுந்த மரங்களில் ஏறி இறங்க வேண்டும். முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "பேங்க்கும் தெறக்கல, சரக்கும் போவல. காசுக்கு நான் எங்கப்பா போறது? ரோடு தெறக்கற வரைக்கும் அரிசியா வாங்கிக்க."

வாங்கித் துண்டில் முடிந்துகொண்டேன். கூலியைத் தானியமாக நான் வாங்கியது அதுதான் முதல் முறை.

அம்மாவுக்கு முந்தின வருஷத்திலிருந்தே நினைவு கொஞ்சம் முன்னே பின்னே. கிழமை மறப்பாள், அடுப்பில் வைத்ததை மறப்பாள். ஆளை மறந்ததில்லை. அன்று நான் வாசலில் வந்து நின்றபோது உள்ளே சிம்னி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், தோளில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பெற்ற மகனைப் பார்த்து எந்தத் தாயும் அப்படி மூடிக்கொள்ள மாட்டாள்.

"இன்னாங்க, இன்னிக்கி இன்னா கூலி?"

உள்ளே என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவைச் சந்தோஷப்படுத்தலாமே என்று, "லாபம்" என்றேன்.

சொல்வதற்கு முன்னால் ஒரு கனைப்பு வந்தது. நான் கனைக்கவில்லை, அதுவாக வந்தது. குரலும் என்னுடையது மாதிரி இல்லை, தொண்டைக்குக் கீழேயிருந்து வந்தது போல இருந்தது. மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா தலையாட்டினாள். எழுந்து போய்ச் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எனக்கு இன்னிக்கி விரதம். நீங்களும் புள்ளயும் சாப்புடுங்க."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே விரதம். பகலில் கூழ் கொடுத்தால் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "அவரு வரட்டும்" என்று தள்ளிவிடுவாளாம். மூன்றாம் நாள் உதடு வெடித்திருந்தது. கை நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி கிடையாது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்த, ஒரே ஒரு வாய்."

அம்மா என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள். "யாருங்க இந்தப் பொண்ணு? வந்ததுலேருந்து நம்ம அடுப்புல கை வெச்சிக்கினு கீது."

"அறுப்புக்கு வந்தவம்மா" என்றாள் மனைவி. "வேல முடிஞ்சதும் போயிடுவேன்."

அம்மாவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மனைவி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அந்த லாபத்த நீங்க வுட்டுடுங்க. எனக்குப் பயமா கீது."

"அதக் கேட்டா அவங்களுக்கு சந்தோஷம்."

"சந்தோஷப்படற மொகமா அது? போய் வெளக்க வெச்சிப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. இன்னும் ஒரு நாள் போனால் உயிருக்கே ஆபத்து என்று மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நான்காம் நாள் வெயில் தாழும் முன்பே கிளம்பிவிட்டேன். எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு மளிகைக் கடை உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மாள் புளிக் கூடையைக் கடையில் கொடுத்துவிட்டு அரிசிக்கு முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் படியை நிரப்பினார். தலை தட்டினார். "லாபம்" என்று சொல்லிக் கொட்டினார். படியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் முந்தானையை மடக்கவில்லை. "அவ்ளோதாங்களா?"

"அவ்ளோதாம்மா. சரக்கே வரல, நான் இன்னா பண்றது?"

எங்கள் பக்கத்து ஜனங்கள் கெட்டதைக் கெட்டதாகச் சொல்ல மாட்டார்கள். தாலிக்கயிறு அறுந்தால் பெருகிவிட்டது என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்பார்கள். தானியம் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள். இது எனக்குத் தெரியாததா? களத்துமேட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் லாபத்தோடு நின்றுபோகிற ஒரு எண்ணிக்கையை அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வரவில்லை. அந்த அம்மாள் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு படி நெல். குத்தினால் அரைப்படி அரிசி. மூன்று பேர். எங்கள் அப்பா முப்பத்தாறு வயதில் அவ்வளவு வசதியாக இருந்திருக்கிறார்.

மீதி வழியை ஓடினேனா நடந்தேனா என்று நினைவில்லை. மரங்களைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் யாரோ அதே மரத்தில் ஏறி இறங்குவது போல இருந்தது. துண்டு முடிச்சு தோளில் இடிக்கிற சத்தம்கூட இரண்டாகக் கேட்டது. திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. பயம்தான். ஆனால் அதைவிட, அவர் பின்னால் வந்தால் வரட்டும் என்றும் இருந்தது.

அம்மா சுவரோரம் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுக்கப் பார்த்தாள், கை ஏறவில்லை. கேள்வி மட்டும் வந்தது.

"இன்னா கூலி?"

"ஆறு" என்றேன்.

அவள் கண் இடுங்கியது. "ஆறு படியா? யாரு வூட்டுக் களத்துல கை வெச்சீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மனைவி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள். "நானும் கூடத்தாம்மா இருந்தேன். பெரிய அறுப்பு. எல்லாருக்கும் ஆறு ஆறா அளந்தாங்க. எனக்கும் ஆறு."

"உனக்குமா?"

"ஆமா. வேணும்னா முடிச்ச அவுத்துக் காட்றேன்."

நான் முடிச்சை அவிழ்த்து முன்னால் கொட்டினேன். சின்னக் குவியல், ஆறு படி எங்கே இருக்கிறது அதில். அம்மா விரலை உள்ளே விட்டு, அடிவரை அளைந்து பார்த்தாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவளுக்கு அது எவ்வளவாகத் தெரிந்ததோ, தெரியாது. பெருமூச்சு விட்டாள். மனைவி குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிக் கொண்டுவந்தாள். அம்மா அவள் கையால் வாங்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நடுங்குகிற கையால் தானே எடுத்தாள். முதல் வாயை வெகுநேரம் மென்றாள். இரண்டாவது வாய்க்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதித் தட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? எனக்கு விரதம் விரதம்னு சொல்லுவனே. அத நீங்க நம்பினீங்களா?"

என்னைக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார்? நம்பினேன் என்றால் அவர் முட்டாள். நம்பவில்லை என்றால், தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். எதைச் சொன்னாலும் அது செத்துப்போன மனுஷன் தலையில் நான் ஏற்றிவைக்கிற பழி. என்னைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சுலபம், நான் நம்பினேன்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கனைப்பு வந்தது.

"இல்ல."

மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. அம்மா அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வெட்கப்பட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்" என்றாள். "நீங்க பருக்கய மீத்து வெச்சிட்டு எழுந்திருப்பீங்களே. காலையில நான் அதத்தான் சாப்புடுவேன்."

பிறகு தட்டில் மிச்சமிருந்ததை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு யாருக்கும் அவள் மீதி வைக்கவில்லை.