கேள்வியாரின் கடைசிப் பக்கம்

கேள்வியார் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அஞ்சலி எழுதுகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 'சிரிப்பு மன்னர்' என்று எழுதுகிறான் ஒருவன். 'கவலை என்றால் என்னவென்றே அறியாத மனிதர்' என்கிறார் இன்னொருவர், அவரை மொத்தமாக இரண்டு தடவை பார்த்தவர். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கவலையே அறியாதவராம்! அவருக்குப் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அவருடைய பக்கத்தை மாதாமாதம் வடிவமைத்துக் கொடுத்தவளும் நான். அவர் எடுத்த கடைசிப் பேட்டியின்போது அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆளும் நான்தான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஒரு மாத இதழ். ஓவியர்கள், லோகோ போடுகிறவர்கள், நாற்காலி மேசைக்கு வடிவம் கொடுக்கிறவர்கள், துணிக்கு டிசைன் வரைகிறவர்கள், இவர்களைப் பற்றிய பத்திரிகை. நல்ல பத்திரிகைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொட்டாவி வரும். ஒரு கலைஞரிடம் போய் 'உங்கள் படைப்பின் தத்துவம் என்ன?' என்று கேட்டால் அவர் சும்மா இருப்பாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். அதையெல்லாம் பக்கத்துக்குள் திணித்துத் திணித்து எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது. வாசகர்கள் விவரமானவர்கள். இதழ் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். அது கேள்வியாருடைய பக்கம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஆள் குள்ளம். சட்டைப் பையில் நான்கு பேனா, அதில் மூன்று எழுதாது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. ஊரே மதிக்கும் ஓவியர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, உங்க செருப்பு உங்களப் பத்தி வெளியில என்ன சொல்லிட்டுத் திரியும்?" என்று கேட்பார். துளிக்கூடச் சிரிக்காமல் கேட்பார். அதுதான் அவர் வித்தை.

"ஏண்ணே, பெரிய மனுசங்ககிட்டப் போய் இப்படிக் கிறுக்குத்தனமா கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஆரம்பத்தில் நான் எரிந்து விழுந்திருக்கிறேன்.

"கோவிச்சுக்காத தாயே" என்பார். என்னை அவர் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. "நேரா கேட்டா ஏற்கெனவே மனப்பாடம் பண்ணி வெச்சதச் சொல்லுவாங்க. கோணலா கேட்டா தடுமாறி உண்மையச் சொல்லிடுவாங்க."

நம்பாமல்தான் இருந்தேன். ஒருநாள் ஒரு லோகோ வடிவமைப்பாளர் வந்தார். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி, யாரிடமும் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். கேள்வியார் அவரிடம் கேட்டார்: "வட்டத்துக்கும் சதுரத்துக்கும் அடிதடி. நீங்க யாரு பக்கம்?" மனிதர் யோசிக்கவே இல்லை. "சதுரம். வெச்ச எடத்துல இருக்கும். வட்டம் உருண்டு ஓடிடும்" என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா வட்டம்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம் அவர் கேள்விகளை நான் குறை சொன்னதில்லை.

அவர் பக்கத்துக்கு ஒரு விதி உண்டு. கேள்விகளெல்லாம் முடிந்ததும், பதில் சொன்னவர் திருப்பி அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் மழுப்பக் கூடாது. கேள்வியும் பதிலும் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் வரும். 'குளிக்கும்போது யாரோடு பேசுவீர்கள்?' என்று ஒரு நாற்காலிக்காரம்மா கேட்டார். 'செத்துப்போன என் வீட்டுக்காரியோடு. சோப்பை எங்கே வைத்தாய் என்று கேட்பேன்' என்றார் இவர். அதை வெளியிட்டோம். படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பு" என்று நான் அந்த விதியைக் கேலி செய்வேன். எதற்கும் பதிலுக்குப் பதில் வைத்திருப்பவர், அதற்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரே மகள். குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள், நல்ல பெயர். அவள் வரைந்த யானைகள் எங்கள் அலுவலக அலமாரியிலேயே ஏழெட்டு இருக்கும். இதே ஊரில், பாலத்துக்கு அந்தப்பக்கம்தான் வீடு. ஆனால் அப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை. 'உங்க பொண்ணையே ஒரு தடவை பேட்டி எடுங்களேன்' என்று ஆசிரியர் சொல்லும்போதெல்லாம் இவருக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்கப் போனால் அரை மணி நேரம் ஆகும் திரும்பி வர.

அப்புறம் குரல் கம்ம ஆரம்பித்தது. "கேள்வி கேட்டுக் கேட்டுத் தேஞ்சுபோச்சு" என்று நாங்கள் கிண்டலடித்தோம். மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டார். கடைசியில் மருத்துவர் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி, குரல்வளையோடு சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எடுத்தால் உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. கேள்வியாருக்குப் பேச்சு இருக்காது! கடவுள் என்று ஒருவன் இருந்தால் அவனைக் கேட்க எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

அவர் அழவில்லை. காற்றுப்போன குரலில் என்னிடம் வந்து, "தாயே, ஆபரேசனுக்கு முன்னாடி ஒரு பக்கம் பண்ணணும். அவகிட்ட. நீ போய்க் கேட்டுப் பாக்கறியா?" என்றார். "குரல் போனப்புறம் நான் அவகிட்ட எப்படிப் பேசுவேன்?"

போனேன். மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் சாய்வு மேசை, ஊறுகாய் பாட்டில்களில் பிரஷ்கள், கொடியில் காய்கிற படங்கள். விஷயத்தைச் சொன்னதும் அவள் பிரஷைக் கழுவ ஆரம்பித்தாள். சுத்தமான பிரஷைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு அப்ப எட்டு வயசு" என்றாள். "அம்மாவ ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க. ஒருநாள் காலையில அப்பா மட்டும் வீட்டுக்கு வந்தாரு. 'அம்மா எப்பப்பா வருவாங்க?'ன்னு கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அம்மா ஒரு பழமா இருந்தா என்ன பழம்?'னு கேட்டாரு. எங்க வீட்டுல எப்பவும் இந்த வெளையாட்டுதான். எனக்கு ஒரே குஷி. மாதுளைன்னேன். 'அப்ப ஒரு முத்து விடாம வரைஞ்சு வை பாக்கலாம்'னாரு. உக்காந்து ஒவ்வொரு முத்தா வரையறேன். வீட்டுக்கு ஆள் மேல ஆள் வராங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஓடிப்போய்ப் படத்தக் காட்டறேன், அம்மா வந்ததும் குடுக்கப் போறேன்னு. எல்லாருக்கும் தெரியும்க்கா. எனக்கு மட்டும் தெரியாது. கடைசில சித்திதான் பென்சிலப் பிடுங்கிட்டு, என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

கழுவிய பிரஷை ஊறுகாய் பாட்டிலில் போட்டாள்.

"எங்கம்மா செத்த அன்னிக்கு என்னைச் சிரிக்க வெச்சுட்டாருக்கா. அதுக்கப்புறம் எத்தன தடவ கேட்டிருப்பேன், ஏம்ப்பா சொல்லலன்னு. ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக்கு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஒரு வார்த்தைய அவரு வாயால என்கிட்ட சொன்னதில்ல. வெவரம் தெரிஞ்சதும் சித்தி வீட்டுக்குப் போயிட்டேன்."

அப்போதுதான் அந்த விதி எனக்கு உறைத்தது. ஊரில் இருக்கிறவர்களிடமெல்லாம் மழுப்பாமல் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "பேட்டின்னா வரேன். அப்பான்னா வரமாட்டேன். என்னைய வாங்க போங்கன்னுதான் பேசணும்னு சொல்லிடுங்க."

சொன்னேன். "சரி" என்று தலையாட்டினார். அன்று முழுவதும் அவர் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தின் சின்ன அறையில் ஏசி ஓடினால் கடகடவென்று சத்தம் போடும், பதிவில் விழும். அதனால் அணைத்துவிட்டுத்தான் உட்காருவோம். புழுங்கியது. கேள்வியார் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். பெற்ற மகளுக்கு எழுந்து நின்றார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

நான் கருவியை அழுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

"உங்க பிரஷ்ல ஒண்ணு வேலைய விட்டு நின்னுடுச்சு. என்ன காரணம் சொல்லும்?"

"மொதலாளியம்மா சிரிக்கவே மாட்டேங்கறாங்கன்னு சொல்லும்."

"ஒரு கலர வீட்ட விட்டுத் தொரத்தணும்னா எதத் தொரத்துவீங்க?"

"நான் யாரையும் தொரத்த மாட்டேன். புடிக்கலன்னா நானே கெளம்பிடுவேன்."

அவர் அதை விழுங்கிக்கொண்டார். விழுங்குவதே அப்போது அவருக்கு வலி.

"உங்க யானை உங்க வீட்டுக்கு விருந்துக்கு வருது. எங்க உக்கார வெப்பீங்க?"

"மடியில" என்றாள். அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போயிற்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் டம்ளரை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்துவிட்டு, எல்லோரிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உங்க கை உங்க மேல கோவப்பட்டா என்ன சொல்லும்?"

"ஒரு பழத்த முழுசா வரைய விடலியேன்னு சொல்லும்."

கேள்வியார் கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். "இப்ப நீங்க கேக்கலாம். என்ன வேணா கேக்கலாம். மழுப்ப மாட்டேன்" என்றார். குரல் பாதிதான் வந்தது.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா எப்பப்பா வருவாங்க?"

அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நழுவப் போகிறார் என்றால் இடது புருவம் முதலில் தூக்கிக்கொள்ளும். தூக்கியது. வாய் கோணலாக ஒரு சிரிப்புக்குத் தயாரானது. ஐயோ வேண்டாம்ணே, வேண்டாம்ணே என்று உள்ளுக்குள் கதறினேன். புருவம் இறங்கியது.

"வரமாட்டாம்மா" என்றார். "அம்மா செத்துப் போயிட்டாடா கண்ணு. அன்னிக்கு விடியறதுக்குள்ளயே போயிட்டா. உங்கிட்ட வந்து சொல்லத்தான் வந்தேன். நீ வாசல்ல நின்ன பாரு, சிரிச்சிக்கிட்டு... எனக்குச் சொல்ல வரல."

"அவ்வளவுதானப்பா" என்றாள். "இதச் சொல்லத்தானா இத்தன வருசம்?" அப்படியே மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். முப்பது வயதுப் பெண் அழுகிற அழுகை இல்லை அது. தேம்பித் தேம்பி, விக்கல் எடுத்து, சின்னப் பிள்ளை அழுகிற அழுகை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தார். தட்டிக்கொடுக்கக்கூடப் பயந்துகொண்டு, சும்மா வைத்துக்கொண்டே நின்றார். நான் கருவியை நிறுத்த மறந்துபோய் அங்கேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

கட்டத்தில் என்ன போடுவது என்று அவளிடமே கேட்டேன். கேட்டதையும் சொன்னதையும் அப்படியே போடச் சொன்னாள். 'அம்மா எப்பப்பா வருவாங்க?' 'வரமாட்டாம்மா.' அவ்வளவுதான் அச்சானது. 'இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கேள்வியாருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆபரேசன் நடந்தது. குரல் போயிற்று. அதன் பிறகு அவர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, கட்டி வேறு இடத்தில் முளைத்துவிட்டது. அப்பனும் மகளும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று நான் கதை விட மாட்டேன். அவள் அவரோடு வந்து குடியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டே, "ஏம்ப்பா, உங்க தலகாணிக்கு மீசை இருந்தா எப்படி இருக்கும்?" என்பாள். அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பார். பதில் சொல்ல வாய் அசையும், ஒன்றும் வராது. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க என்னால் முடியாது, வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

நேற்று அவள் அலுவலகத்துக்கு வந்தாள். அப்பா குரல் வேண்டும் என்றாள். என்னிடமா இல்லை, மலைபோல் கிடக்கிறது. எத்தனை பேட்டி, எத்தனை கேள்வி, எத்தனை சிரிப்பு. "எல்லாத்தையும் போட்டுத் தரேம்மா. அந்த லோகோக்காரர், நாற்காலிக்காரம்மா, எல்லாம் இருக்கு. கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்ப" என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"'வரமாட்டாம்மா'ன்னு சொல்றாரில்ல, அத மட்டும் குடுங்கக்கா. எங்கிட்ட அப்பா மழுப்பாம பேசினது அங்க மட்டுந்தான்."