ஏலத்தில் எடுத்த கூண்

கூணைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "காளானுக்கு டிகிரி தருவாவளாட்டி?" என்றார். தந்தால் உமக்கென்ன என்று கேட்டுவிட்டு, அந்த மழைக்காலம் பூராவும், நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவான சனிக்கிழமைதோறும் கீரிப்பாறை பஸ் ஏறினேன். ரப்பர்த் தோட்டம் தாண்டி, அனுமதி வாங்கிய காட்டுப் பாதையில் ஒரு கல்லூரி மேடம் எங்களைக் கூட்டிக்கொண்டு நடப்பார். காலுறைக்குள் அட்டை ஏறும். வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோ பிடிக்க வந்தவர்கள். மீதிப் பேர் எதைப் பார்த்தாலும், "மேடம், இதைத் தின்னலாமா?" என்பார்கள். அந்த அம்மாளுக்கு என்ன பொறுமை! நானாக இருந்தால் ஒன்றைப் பிடுங்கி வாயில் திணித்திருப்பேன்.

மதியத்துக்கு மேல் ஒரு ஹாலில் உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். மஞ்சள் போட்டு அவித்து நிறம் மாறாவிட்டால் நல்ல கூண் என்று நம் ஊரில் சொல்வது சுத்தப் பொய் என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் அம்மா அப்படித்தான் சமைத்தாள். நாங்கள் பிழைத்துக் கிடப்பது புற்றில் முளைக்கிற நல்ல கூணாகப் பறித்துத் தின்றதால்தான், மஞ்சளால் அல்ல. பிறகு மேடம் குடை மாதிரி விரிந்த ஒரு வெள்ளைக் கூணைக் காட்டினார். மேலே தவிட்டு நிறத்தில் செதில் செதிலாக இருந்தது. பிஞ்சில் அடிப்பக்கமும் வெள்ளைதான். முற்றினால் அடியில் பச்சை ஓடும். வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வைத்தால் காலையில் தாளில் பச்சைப் பொடி உதிர்ந்து கிடக்கும். தின்றால் குடலைப் புரட்டும், சின்னப் பிள்ளைகள் தாங்காது என்றார்.

இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியுமா? எங்கள் சபையின் பெண்கள் கூட்டத்தில் பத்து நிமிஷம் கேட்டேன். பாட்டு, ஜெபம், சாட்சி, போன மாதக் கணக்கு எல்லாம் முடிந்து, டீ டம்ளர் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, "கூணுல மஞ்சள் போட்டா..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான். செயலாளர் அம்மா என் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கினார். "அதேதான்! மஞ்சப்பொடி போட்டு அவிச்சு நிறம் மாறலேன்னா தைரியமா தின்னலாம். நல்ல விஷயம் சொன்னீங்க டீச்சர்." எல்லாரும் கைதட்டினார்கள். இல்லை, அது தப்பு என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. டீயும் வடையும் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வடைத் தட்டைத் தூக்கி எறியாமல் வந்தேனே, எனக்கே ஆச்சரியம்.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. அவரவர் விளையில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. எடுத்தவர்களே அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார்கள், மறுபடி ஏலம் போடுவார்கள். அப்போது ஏலம் கூறுகிற சபை மூப்பர் ஒரு வாழையிலையைத் தூக்கிக் காட்டினார். இலை நிறைய வெள்ளைக் கூண். தவிட்டுச் செதில். கிட்டப் போய் ஒன்றைத் திருப்பினேன். அடியில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது.

"இது விஷம். ஏலம் போடாதீங்க."

மூப்பர் முகம் சுருங்கியது. "ஜெபம் பண்ணிப் படைச்ச பொருளம்மா. கோயில் முற்றத்துல நின்னு பேசுத பேச்சா இது?"

பின்னாலிருந்து, "கூண் டீச்சர் தொடங்கியாச்சு" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சரி, வாயால் சொன்னால் கேட்காத கூட்டம். யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் கேட்டேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். இலையோடு சுருட்டிப் பையில் போட்டேன். "திருப்பிக் குடுக்கலியா?" என்றார் மூப்பர். மாட்டேன் என்றேன். டீச்சருக்கு நாக்கு நீளம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாசல் தாண்டும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். குளச்சல் கடற்கரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் கல்ஃபில். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, அது நான் படைச்சதாக்கும். எங்க விளையில வேற ஒண்ணும் காய்க்கல்ல. உங்களுக்கு இவ்வளவு ஆசைன்னு தெரிஞ்சிருந்தா வீட்டுல உள்ளதையும் தந்திருப்பேன்."

"வீட்டுல உள்ளதா?"

"காலைல மரச்சீனிக்கு அதுதான் கறி. நான் கோயில்ல திருவிருந்து எடுக்கணும்னு வெறும் வயித்தோட வந்தேன், தின்னல்ல. மவ தின்னா. வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு படுத்திருக்கா."

செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாது. ஓடினோம். பிள்ளை வாந்தியில் கிடந்தது. அஞ்சாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை, தூக்கினால் துணி மாதிரித் தொங்கியது. ஆட்டோ பிடித்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் பையிலிருந்த கூணை டாக்டரிடம் காட்டினேன். ஊசி, டிரிப் என்று அன்று முழுக்க அலைந்தோம். சாயந்திரம் மூப்பரும் செயலாளர் அம்மாவும் வந்து தலைமாட்டில் நின்று ஜெபித்தார்கள். காணிக்கை படைத்த வீட்டை ஆண்டவர் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டாள். அப்புறம்தான் என் கோபம் தாயின் பக்கம் திரும்பியது. ராத்திரி ஆஸ்பத்திரி ஜன்னலோரம் நான் கவிழ்த்து வைத்திருந்த கூணை எடுத்து, அடியில் இருந்த தாளை அவள் மடியில் போட்டேன். தாளெல்லாம் பச்சைப் பொடி.

"கண்டது கடியதைப் பறிச்சுப் பிள்ளைக்குக் குடுப்பியா? கேக்க ஆளில்லியா உனக்கு? அடுத்த வீட்டுல நான் செத்தா போயிட்டேன்?"

அவள் அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு மீனுதான் தெரியும் யக்கா. கூணைத் தொட்டதேயில்ல, பயம். அன்னைக்குக் கூட்டத்துல நீங்க எந்திரிச்சுப் பேசினப்பதான் மஞ்சள் போட்டா போதும்னு படிச்சேன்."