தோளில் வைத்த கை

கொட்டாஞ்சேனையில் நான் தேநீர் குடிக்கும் கடைக்கு அவரும் வருவார். வளைகுடாவில் ஒரு பணக்காரரின் போலோ குதிரைகளை, அதாவது ஏறி அமர்ந்து நீண்ட மட்டையால் பந்தடிக்கும் ஆட்டத்துக்கான குதிரைகளை, பராமரித்தவர். இடது முழங்கால் மடங்காது. யாருடைய முதுகுப்பக்கம் போனாலும் முதலில் தோளில் கை வைப்பார். பின்னால் ஆள் வருவது தெரியாவிட்டால் குதிரை உதைக்குமாம்.

ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில், ஒலிம்பிக்கில் போலோவை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று யாரோ வாதிட்டார்.

"சேர்த்தா நல்லதுதானே, அண்ணே?" என்றேன்.

"சேர்க்கட்டும், தம்பி. தோத்தவங்கட கையில இருந்து உடனே மட்டையை வாங்கி வைக்கோணும்."

அவர் காலைப் பார்த்தேன். "அது குதிரை உதைச்சதெல்லோ?"

"குதிரை ஒருநாளும் உதைக்கேல்ல. முதலாளி தோத்துட்டு வந்து என்ர முழங்கால்ல மட்டையால அடிச்சவர். குதிரைக்குக் கால் சுளுக்கு, டொக்டர் வந்தவர். எனக்குப் பிளேன் டிக்கெட் வந்தது."

எழுந்து என் பின்னால் போகையில் தோளில் கை வைத்தார். அது குதிரைகளோடு பழகி வந்த பழக்கம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.