அவள் கேட்ட சாம்பல் நிறம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். கோவில்பட்டி வீட்டில் என் மனைவி படுக்கையில் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கட்டிலுக்கு எதிரே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அந்தச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னாள்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிப்போம். இல்லையென்றால் சாவு விழுந்த வீட்டில், பதினாறாம் நாளுக்கு முன். அதனால் என் அக்கா தயங்கினாள்.

“பதினாறுக்கு எப்படியும் அடிக்கத்தானே போறீங்க மதினி. இப்பவே அடிச்சா நானும் பாத்துக்கிடுவேன்லா” என்றாள் என் மனைவி.

பெயிண்டரை வரவழைத்தேன். அவர் இரண்டு டம்ளர்களில் டிஸ்டெம்பர் கரைத்து, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் பூசிக் காட்டினார். ஒன்று கடையில் பொட்டலமாக விற்கும் சாம்பல் நிறம். காலை வெளிச்சத்தில் அதில் நீலம் தெரிந்தது. மற்றது வெள்ளையில் கறுப்பும் துளி மஞ்சள் காவியும் சேர்த்தது. உச்சிவெயிலில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. விளக்கு போட்டதும் இரண்டாவது மட்டும் லேசாக மஞ்சளாகப் பழுத்தது.

“முதல்ல உள்ளது பெரியாஸ்பத்திரி வராண்டா. வேண்டாம். அடுத்தது கழுவிப்போட்ட அம்மிக்கல்லு மாதிரி குளுமையா இருக்கு” என்றாள் என் மனைவி.

“அடுப்புச் சாம்பல் மாதிரில்லா இருக்கு. இதப் போயி வீட்டுக்குள்ள அடிப்பாவளா?” என்றாள் அக்கா.

“நீங்க ஒங்க வீட்டுக்கு ரோஸ் அடிங்க மதினி.”

மறுநாள் முழுச் சுவரும் அடித்தாயிற்று. காய்ந்தபோது நிறம் மங்கி, அங்கங்கே வெள்ளைத் திட்டாகப் பூத்திருந்தது. டம்ளர் மாதிரிக்குக் குடிதண்ணீர் ஊற்றிய பெயிண்டர், வாளிக்குக் கொல்லைக் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றியிருக்கிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“சுண்ணாம்புக்கு எப்பவும் அந்தத் தண்ணிதான அண்ணாச்சி ஊத்துதோம். வெள்ளையில தெரியாது. இது காட்டிக்குடுத்துட்டு” என்றார் பெயிண்டர்.

“இது நான் கேட்டது இல்ல” என்றாள் அவள். அந்த வாரம் பாதி நேரம் கண்ணே திறக்கவில்லை. அவள் பார்ப்பதற்குள் முடியுமா என்பதுதான் என் பயம். சுரண்டித் துடைத்து மறுபடி அடிக்கச் சொன்னேன். குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகியிருந்தது. அடுக்களைக் குடங்களைத் தூக்கிவந்தேன்.

“ஏலே, குடிக்கத் தண்ணியில்ல, செவுத்துக்கா கவுக்குத?” அக்கா குடத்தைப் பிடித்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

மறுபடி அடித்த சுவர் ஈரத்தில் கருத்துக் கிடந்தது. காய்ந்தால் வெளுக்கும் என்றேன்.

“காயட்டும். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஜன்னலோரத்தில் முதலில் வெளுத்தது, பிறகு மேலே. சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்க ஒரே நிறம். ஒரு திட்டு இல்லை.

“இதுதான்” என்றாள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தலையணையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நகர்த்தினேன். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவில்லை.